பொது ஏரிக்கு யார் தூர்வாருவது?

எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை நம் மேஜையிலிருந்தே இயக்க உதவும் இலவச சாஃப்ட்வேரில் சில பிழைகள் 20 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. இத்தனைக்கும் அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பயன்படுத்துகிறவர்கள் கோடிக்கணக்கில், திருத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்.

மே 2006. ஸ்டீவ் வைஸ்மன் என்ற அமெரிக்க புரோகிராமர் தானே ஒரு விஎன்சி வியூவரை எழுதிக்கொண்டிருந்தார். வேறெங்கோ இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை நம் மேஜைக்குக் கொண்டுவரும் சாஃப்ட்வேர் அது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ரியல்விஎன்சி 4.1.1 என்ற சர்வரோடு இணைத்தார். மறுமுனையின் திரை திறந்தது. அந்த சர்வருக்கு பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலை. இணைப்பு தொடங்கும்போது சர்வர் ஒரு பட்டியலை நீட்டும்: "என்னிடம் இன்னின்ன பாதுகாப்பு முறைகள் உண்டு, ஒன்றைச் சொல்." ஒவ்வொரு முறைக்கும் ஓர் எண். 1 என்றால் பாதுகாப்பு எதுவும் இல்லை. 2 என்றால் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு போட்ட சர்வரின் பட்டியலில் 1 இருக்காது. ஆனாலும் மறுமுனை "1" என்று பதில் சொன்னால்? அது தான் நீட்டிய பட்டியலில் உள்ள எண்தானா என்று சர்வர் சரிபார்க்கவே இல்லை. "சரி, உள்ளே வா" என்றது. இட்லியும் தோசையும்தான் இருக்கிறது என்று சொன்ன சப்ளையர், "எனக்கு பில் இல்லாத சாப்பாடு" என்றவருக்கு இலை போட்ட கதை.

புரோகிராமர்கள் 'பக்' என்று சொல்வதைக் கம்ப்யூட்டர் தமிழில் 'வழு' என்கிறார்கள். இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். வழுக்களை ஏழாகப் பிரிக்கும் நன்னூலில் வினா வழுவும் உண்டு, விடை வழுவும் உண்டு. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை வழுவானது. ரியல்விஎன்சியில் நடந்தது அச்சு அசலாக அதுதான். சேர்க்கவேண்டியிருந்தது ஒரே ஒரு சோதனை: வந்த விடை, கேட்ட கேள்விக்கு உரியதா? சில நாள்களில் 4.1.2 பதிப்பு அந்தச் சோதனையோடு வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆண்டு லிப்விஎன்சிசர்வர் என்ற வேறொரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரிலும் அதே வகைப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. வேறு நிரல், வேறு கைகள், அதே மறதி. இரண்டு குறைகளுக்கும் தனித்தனி அடையாள எண்கள் தரப்பட்டன.

இந்த வகை சாஃப்ட்வேரில் பிழை என்றால் எழுத்து சற்று நகர்ந்து தெரிவது போன்ற சின்ன விஷயம் மட்டுமல்ல. உள்ளே வந்தவர் கையில் மவுஸ் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. மறுமுனையில் இருப்பது ஒரு மாணவரின் லேப்டாப்பாக இருக்கலாம்; தொழிற்சாலையில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பலகையாகவும் இருக்கலாம்.

கேம்பிரிட்ஜிலிருந்து உலகுக்கு

விஎன்சி பிறந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில். காபி தீர்ந்துவிட்டதா என்று எழுந்து போகாமலே பார்ப்பதற்காக 1991-இல் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் ஒரு கேமரா பொருத்தப்பட்டது உலகப் புகழ் பெற்ற கதை. அந்த வேலையில் பங்குகொண்ட குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர் விஎன்சியை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், ஆண்டி ஹாப்பர் ஆகியோர் அந்தக் குழுவின் மற்ற முக்கியப் பெயர்கள்.

யோசனை மிக எளிமையானது. திரை என்பது வண்ணப் புள்ளிகளின் கட்டம். அதில் எந்தப் பகுதி மாறுகிறதோ அந்தச் செவ்வகத்தை மட்டும் சர்வர் அனுப்பும். இந்தப் பக்கத்திலிருந்து போவது கீபோர்டின் தட்டலும் மவுஸின் நகர்வும். அவ்வளவுதான். எளிமை காரணமாகவே எந்தக் கம்ப்யூட்டரிலும் அதை ஓடவைக்க முடிந்தது.

1990களின் கடைசியில் அதன் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் ஆய்வகம் வெளியிட்டது. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுத்தால் நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1999-இல் ஆய்வகம் ஏடி அண்டு டி கைக்கு மாறியது. 2002-இல் மூடப்பட்டது. ஆய்வகம் போனாலும் நிரல் பிழைத்துக்கொண்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் ரியல்விஎன்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி, டர்போவிஎன்சி, டைகர்விஎன்சி என்று கிளைகள் பெருகின. மற்ற புரோகிராமர்கள் தங்கள் சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ள வசதியாக லிப்விஎன்சிசர்வர் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி முறையை லினக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது எக்ஸ்ஆர்டிபி. விண்டோஸிலேயே இருக்கும் இணைப்பு வசதியைக் கொண்டு லினக்ஸ் இயந்திரத்துக்குள் நுழைய இது உதவுகிறது.

2020 மார்ச் 25-ஆம் தேதி இந்தியா முழுவதும் ஊரடங்கு அமலானபோது இவற்றின் அருமை சாதாரண ஊழியர்களுக்கும் தெரிந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர் அலுவலகத்திலேயே இருந்தது. வேலை வீட்டுக்கு வந்தது. இடையில் பாலமாக நின்றது ஏதாவதொரு ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். அது யாருடையது, யார் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. பாலத்தில் போகிறவர்கள் அதைக் கட்டிய மேஸ்திரியின் பெயரை விசாரிப்பதில்லை.

மீட்டர் சுற்றி வந்த கதை

இந்த சாஃப்ட்வேரில் பெரும்பகுதி சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டது. வேகமான மொழிகள். ஆனால் கறாரானவை அல்ல. பத்துப் படி கொள்ளும் பானையில் இருபது படி ஊற்றச் சொன்னால் ஊற்றிவிடும். வழிந்தது பக்கத்தில் இருக்கும் நினைவகத்தில் விழும். அங்கே என்ன விழ வேண்டும் என்பதைத் தாக்குபவர் தீர்மானிக்க முடிந்தால், கம்ப்யூட்டர் அவர் சொல்படி கேட்கத் தொடங்கும்.

2018-இல் லிப்விஎன்சிசர்வரில் அகப்பட்ட ஒரு வழு இதற்கு நல்ல பாடம். ஃபைல்களை அனுப்பும் வசதி அதில் உண்டு. மறுமுனை முதலில் "இத்தனை எழுத்து அனுப்பப் போகிறேன்" என்று நீளத்தைச் சொல்லும். சர்வர் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி அவ்வளவு இடம் ஒதுக்கும். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க அந்த ஒன்று. பார்வைக்கு எந்தத் தப்பும் இல்லை.

நீளத்துக்கு ஒதுக்கியிருப்பது நான்கு பைட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. மறுமுனை வேண்டுமென்றே அந்த எண்ணைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றைக் கூட்டியதும், பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99999-ஐத் தாண்டி 00000 ஆவதுபோல், விடை பூஜ்யம் ஆகிவிடும். சர்வர் பூஜ்ய இடம் ஒதுக்கும். பிறகு நானூறு கோடி எழுத்துகளை அதில் வாங்கி நிரப்பத் தயாராக நிற்கும்.

திருத்தினார்கள். ஆனால் திருத்தம் முழுமையாக இல்லை. அதற்கு இன்னொரு அடையாள எண் வந்தது. மறுபடியும் திருத்தினார்கள். அதுவும் போதவில்லை, மூன்றாவது எண். ஒரே இடத்தை மூன்று முறை தைக்க வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் வெளியான 0.9.12 பதிப்பில்தான் விஷயம் முடிந்தது.

திருத்தியவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு படம் தெரியும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் எண்ணின் அளவு மாறுகிறது. 64 பிட் இயந்திரத்தில் பெரிய எண்ணுக்கு இடம் இருக்கிறது. 32 பிட்டில் இல்லை. ஒரு மேஜையில் சரியாக ஓடுவது இன்னொரு மேஜையில் கவிழும். எல்லா வகை இயந்திரங்களையும் வாங்கி வைத்துச் சோதிக்க, ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை.

மீட்டர் பின்னோக்கியும் சுழலும். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 99999. 2022 பிப்ரவரியில் எக்ஸ்ஆர்டிபியில் திருத்தப்பட்ட வழு இந்த ரகம். அதில் யார் யாருக்கு எந்தத் திரை என்று பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு செஸ்மன் என்று பெயர். அது கம்ப்யூட்டரின் தலைமை அதிகாரியான 'ரூட்' என்ற அந்தஸ்தில் ஓடுவது. கழித்தலில் ஏற்பட்ட இந்தச் சறுக்கலால், அந்த இயந்திரத்துக்குள் ஏதோ ஒரு மூலையில் இடம் பிடித்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமலே செஸ்மன் வழியாக முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. அதற்காகவே 0.9.18.1 பதிப்பு வெளியிடப்பட்டது.

தமிழ் கேள்விக்குறியான கதை

எல்லா வழுக்களும் திருடனுக்கு வழிவிடுபவை அல்ல. சில, நேர்மையானவரை வாசலில் நிறுத்துபவை.

விஎன்சியில் இங்கே காப்பி செய்ததை அங்கே ஒட்டலாம். ஆனால் அந்த வசதி முதலில் வகுக்கப்பட்டபோது லத்தீன்-1 எழுத்துகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய மொழிகளும் அதில் அடங்கும். தமிழ் அடங்காது, இந்தி அடங்காது, ரஷ்ய மொழியும் சீனமும்கூட அடங்காது. 2011-இல் இந்த முறை இணையத்தின் அதிகாரபூர்வ ஆவண வரிசையில் இடம்பெற்றபோதும் அந்தக் குறை அப்படியே எழுதிவைக்கப்பட்டது. தொலைவிலிருந்து வேலை செய்யும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் வந்து விழுவது கேள்விக்குறிகளின் வரிசை, அல்லது குப்பை.

வழுதான், ஆனால் பழகிப்போன வழு. இலக்கணத்தில் இதற்கும் ஒரு பெயர் உண்டு: வழுவமைதி. தவறுதான், இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்பது. சாஃப்ட்வேர் உலகில் வழுவமைதிக்குக் காரணம் பழைய உறவு. ஒரு முனையை மாற்றினால் உலகம் முழுவதும் இருக்கும் பழைய மறுமுனைகள் பேச்சை நிறுத்திவிடும். விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டதும் இந்த வகைதான். இருபது எழுத்தில் பாஸ்வேர்டு வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியவருக்கு மீதிப் பன்னிரண்டு எழுத்து வெறும் அலங்காரம் என்று தெரியாது.

எழுத்துச் சிக்கலுக்கு விடிவு பிறந்தது பழையதை உடைக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்த்ததால். இரு முனைகளும் முதலில் "உனக்கு யூனிகோட் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்ளும். இருவருக்கும் தெரிந்தால் புதிய முறை, இல்லையென்றால் பழையது. அல்ட்ராவிஎன்சி பக்கத்திலிருந்து வந்த இந்த ஏற்பாட்டை டைகர்விஎன்சி தன் 1.10 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. அது வெளியானது 2019-இல். நிரல் உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டு 20 ஆண்டுகள் கழித்து.

37 ஓட்டைகள்

எல்லோரும் பார்க்கக்கூடிய நிரலில் பிழை ஒளிந்திருக்க முடியாது என்பது ஓப்பன் சோர்ஸ் இயக்கத்தின் பழைய நம்பிக்கை. கண்கள் பல, அதனால் குறைகள் மேலோட்டமானவை என்று 1990களில் வாதாடினார்கள். 2019 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர் பாவெல் செரெமுஷ்கின் வெளியிட்ட முடிவுகள் அந்த நம்பிக்கையை உலுக்கின. லிப்விஎன்சி, டைட்விஎன்சி 1.எக்ஸ், டர்போவிஎன்சி, அல்ட்ராவிஎன்சி ஆகிய நான்கையும் அவர் படித்தார். கிடைத்தவை 37 பாதுகாப்பு ஓட்டைகள். அல்ட்ராவிஎன்சியில் மட்டும் 22. லிப்விஎன்சியில் 10, டைட்விஎன்சியில் 4, டர்போவிஎன்சியில் 1. சில 1999-லிருந்தே நிரலில் இருந்தவை. மீட்டர் சுற்றி வந்த கதையும் இவருடைய தேடலில் கிடைத்ததுதான்.

நிரல் பூட்டி வைக்கப்படவில்லை. இருபது ஆண்டுகளாகத் தெருவில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். எடுத்தவர்கள் படிக்கவில்லை. திறந்திருக்கும் நூலகத்தில் புத்தகம் இருப்பது வேறு, அதை ஒருவர் எடுத்துக் கடைசிப் பக்கம்வரை படிப்பது வேறு.

அதற்காகப் பூட்டிவைத்த நிரல் மேல் என்று முடிவுகட்டவும் முடியாது. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்டின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் 'புளூகீப்' என்ற பயங்கர ஓட்டை வெளிப்பட்டது. ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அந்த நிறுவனம் திருத்தம் வெளியிட நேர்ந்தது. திறந்த நிரலின் பலம் அதில் பிழை இல்லை என்பதல்ல. யார் வேண்டுமானாலும் தேடலாம், திருத்தலாம், உரிமையாளர் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம் என்பதுதான்.

அந்த 'வேறொருவர்' இல்லாவிட்டால்? 37-இல் டைட்விஎன்சியின் பங்கான நான்குக்கு அதுதான் கதி. 1.எக்ஸ் வரிசைக்கு ஆதரவை நிறுத்திவிட்டோம் என்று தயாரிப்பாளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். நிரல் திறந்திருக்கிறது, திருத்தக் கை இல்லை.

தமிழ்நாட்டில் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்ற ஏற்பாடு இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஆண்டுதோறும் சேர்ந்து வண்டல் அள்ளுவார்கள், கரையைப் பலப்படுத்துவார்கள். பலன் பெறுகிறவருக்குப் பராமரிப்பிலும் பங்கு உண்டு என்பது விதி. ஓப்பன் சோர்ஸ் என்பது மதகு எல்லோருக்கும் திறந்திருக்கும் ஏரி. ஆனால் மண்வெட்டியோடு வருகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேர். பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள்.

ஒரு வழு வீடு திரும்பும் பாதை

திருத்தம் என்பது ஒரு வரியை மாற்றுவதோடு முடிகிற வேலை என்று தோன்றும். உண்மையில் அது அஞ்சல் ஓட்டம்.

முதலில் வழுவைக் கண்டவர் பராமரிப்பாளருக்கு ரகசியமாகச் சொல்ல வேண்டும். திருத்தம் தயாராகும் முன் ஊரைக் கூட்டினால் முதலில் ஓடி வருவது திருடன். பராமரிப்பாளர் தன் இயந்திரத்தில் அதே கோளாறை வரவழைத்துப் பார்க்க வேண்டும். பாதி நேரம் இதிலேயே போகும். "திரை கறுப்பாகிவிடுகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பும் புகாரால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்த லினக்ஸ், எதைச் செய்தபோது என்று தெரிய வேண்டும். பிறகு திருத்தம். திருத்தம் வேறு எதையாவது உடைக்கிறதா என்று சோதனை. இன்னொருவரின் பார்வை. அடையாள எண். புதிய பதிப்பு.

அடுத்த ஓட்டக்காரர்கள் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பாளர்கள். நிலையான பதிப்பைக் கலைக்க விரும்பாத அவர்கள் திருத்திய வரிகளை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவார்கள். லிப்விஎன்சி விஷயத்தில் டெபியன் 2019 பிப்ரவரியிலேயே தன் பயனாளர்களுக்குத் திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. கடைசி ஓட்டக்காரர் உங்கள் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் நிர்வாகி. அவர் அப்டேட் செய்யாவிட்டால் முன்னால் ஓடியவர்களின் வியர்வை வீண்.

லினக்ஸ் தொகுப்புகளாவது வேகமாக ஓடுகின்றன. நிரலை எடுத்துத் தங்கள் கருவிக்குள் புதைத்துவிடும் தொழிற்சாலை உலகம் மெதுவாக நடக்கிறது. சீமென்ஸ் நிறுவனம் தன் சிமாட்டிக் ஐடிசி என்ற தொழிற்சாலைத் திரைகளில் இருக்கும் லிப்விஎன்சி வழுக்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது 2021 டிசம்பரில். 2018-இல் அடையாள எண் பெற்ற வழுக்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. மூல நிரலில் திருத்தம் வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எச்சரிக்கை வெளியிட்ட நிறுவனத்தையாவது பாராட்டலாம். உள்ளே எந்த இலவச நிரல் இருக்கிறது என்று சொல்லாமலே விற்கப்படும் கருவிகளுக்கு யார் எச்சரிக்கை கொடுப்பது?

களைத்த கையைத் தேடும் கழுகு

பராமரிப்பாளரின் தனிமையே ஓர் ஓட்டை என்பதை 2024 மார்ச் மாதம் உலகம் கற்றுக்கொண்டது. அப்போது அகப்பட்டது ரிமோட் டெஸ்க்டாப் அல்ல. லினக்ஸில் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்ற பக்கத்து வாசல். எக்ஸ்இசட் என்ற சின்ன சாஃப்ட்வேரை ஏறக்குறைய ஒற்றை ஆளாகக் கவனித்துவந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவுகிறேன் என்று ஒரு பெயர் வந்தது. பொறுமையாகப் பல மாதங்கள் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்றது. பிறகு அந்த வாசலைத் திறக்கும் கள்ளச்சாவியை நிரலுக்குள் ஒளித்துவைத்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்து மூலத்தைத் தேடிப்போன ஒரு மைக்ரோசாஃப்ட் எஞ்சினியரால் பெரும் விபத்து தவிர்ந்தது.

அரை நொடி தாமதத்தைச் சகித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவின் பங்கு

ஓப்பன் சோர்ஸை மனதார வரவேற்ற நாடு இந்தியா. அரசு அலுவலகங்களின் மின்னாட்சித் திட்டங்களில் அதற்கு முன்னுரிமை என்று 2015-இல் மத்திய அரசு கொள்கையே அறிவித்தது. சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. பாதுகாப்பு ஓட்டைகள் பற்றி எச்சரிக்க செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு 2004-லிருந்து இருக்கிறது. கம்ப்யூட்டர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அது உத்தரவிட்டது.

தாக்குதலுக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது. தாக்குதலுக்கு முன்னால், ஓட்டையை அடைக்கும் ஆளுக்கு என்ன செய்வது என்பதற்கு இல்லை. இலவசம் என்பதால் டெண்டரில் ஒரு ரூபாய்கூட அதற்கு ஒதுக்கப்படுவதில்லை. லைசென்ஸ் செலவில் மிச்சம் பிடித்த தொகையைப் பெருமையோடு சொல்வார்கள். அந்த மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு பராமரிப்புக்குத் திரும்பியதா என்று கேட்டால் பதில் இருக்காது.

மாற்றத்துக்கான அறிகுறிகள் உண்டு. ஜெர்மனி 2022-இல் இத்தகைய அடித்தள சாஃப்ட்வேருக்கு அரசுப் பணம் தர ஒரு நிதியம் தொடங்கியது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை உலகின் எந்த ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கும் தருவதாக அறிவித்தது. தான் பயன்படுத்திய நிரலுக்குப் பட்ட கடனைத் திருப்பித் தருவது என்ற எண்ணம் ஓர் இந்திய நிறுவனத்துக்கு வந்தது நல்ல செய்தி. அதைப் பின்பற்ற நாட்டில் எத்தனையோ பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் இருக்கின்றன.

பணத்தால் மட்டும் ஆகிற வேலையும் அல்ல. எஞ்சினியரிங் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரெடிமேடாக நிரல் வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் எல்லோரும் அறிந்த ரகசியம். அதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் ஒரே ஒரு வழுவைத் தேடிப் பிடித்து, திருத்தி, பராமரிப்பாளரை ஏற்றுக்கொள்ளவைத்தால் போதும் என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்லிப் பார்க்கலாம். மாணவர் எழுதியதைவிடப் படித்தது அதிகமாக இருக்கும். படிக்கும் கண்கள்தானே பற்றாக்குறை?

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் வேலை உண்டு. கோளாறை ஒழுங்காக விவரித்து எழுதுவது பாதித் திருத்தம். தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்று சென்னையிலோ மும்பை தாராவியிலோ உட்கார்ந்திருப்பவர் சொல்லாவிட்டால், கேம்பிரிட்ஜிலும் ஸ்வீடனிலும் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதுவரை, கம்ப்யூட்டர் நிர்வாகிகள் இன்றே செய்யக்கூடியவை சில. விஎன்சியின் 5900, ஆர்டிபியின் 3389 ஆகிய போர்ட்டுகளை இணையத்தை நோக்கி நேரடியாகத் திறந்துவைக்கக் கூடாது. விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் வழியாக மட்டுமே அனுமதிக்க வேண்டும். பயன்படாத சர்வரை நிறுத்திவிட வேண்டும். ஊரடங்கின்போது அவசரமாகப் போட்டுவிட்டு மறந்த சர்வர்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. புதிய கருவி வாங்கும்போது அதற்குள் என்னென்ன ஓப்பன் சோர்ஸ் இருக்கிறது, திருத்தம் வந்தால் எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ஒரு வரி நன்றிகூடக் கிடைப்பதில்லை. குறைந்தபட்சம் அவர் திருத்தியதையாவது நாம் போட்டுக்கொள்ளலாம்.